செல்போன் சொல்லும் டெசிபல்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் இடம் கிடைத்தது. சத்தம் அளக்கும் ஆப்பைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டேன். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் ஏர் ஹாரன் நாலைந்து தரம் அலறிவிட்டது. என் போன் 88 டெசிபல் காட்டியது. பக்கத்தில் இருந்த தங்கை மகனின் போன், அதே ஆப், 97.

"எது மாமா கரெக்ட்?" என்றான். ரெண்டுமே தப்பாக இருக்கலாம் என்றேன். அவனுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

ஒன்பதுதானே வித்தியாசம் என்று விட்டுவிட முடியாது. டெசிபல் கணக்கு கூட்டல் கணக்கு அல்ல, பெருக்கல் கணக்கு. 3 டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, 6 ஏறினால் நாலு, 9 ஏறினால் எட்டு மடங்கு. ஒரே ஹாரனை இரண்டு போன்களும் எட்டு மடங்கு மாற்றிச் சொல்கின்றன.

போனில் இருக்கும் மைக் அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிய சிலிக்கான் சில்லு. பேச்சைப் பிடிப்பதற்காகச் செய்தது. சத்தம் கூடினால் போனே அதை அமுக்கும், பின்னணி இரைச்சலை வடிகட்டும். எதிர்முனையில் பேசுகிறவருக்கு அது சௌகரியம், அளக்க வந்தவனுக்குத் தொல்லை. மைக் தரும் மின்சாரம் எத்தனை டெசிபலுக்குச் சமம் என்பதும் மாடலுக்கு மாடல் வேறு. தொழிலாளர் உடல்நலத்துக்கான அமெரிக்க அரசு நிறுவனம் நியாஷ் 2017-ல் ஒலிமானி ஆப் ஒன்றை ஐபோனுக்கு மட்டும் வெளியிட்டது. ஆண்ட்ராய்டில் அத்தனை ரகங்களையும் சோதித்து முடியாது என்பதுதான் காரணம். நிஜமான ஒலிமானிக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதன் மைக் மேல் சின்னக் குப்பி போன்ற கருவியைப் பொருத்தி, விநாடிக்கு 1,000 அதிர்வுள்ள 94 டெசிபல் ஒலியை எழுப்பி, முள்ளைச் சரிசெய்த பிறகே அளப்பார்கள்.

நம் நாட்டின் ஒலி மாசு விதிகள் 2000-ல் வந்தவை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை 45. ஆஸ்பத்திரி, பள்ளி, கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலம் என்று அறிவித்தால் 50, 40. போனில் 58 காட்டுகிறதே என்று இந்த எண்களோடு மல்லுக்கட்டப் போனால் நிற்காது. அதே போனை அதே ஜன்னலில் வைத்து, நேற்றைவிட இன்று எவ்வளவு கூடியது என்று பார்த்தால் அது ஓரளவு பேசும். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் மட்டும் அதையும் நம்ப வேண்டாம். அங்கே மைக்கில் மோதும் காற்றே பாதி எண்ணைக் காட்டிவிடும்.

சுருதி விஷயத்தில் இதே போன் வேறு ஆளாகிவிடுகிறது. சுருதி என்பது விநாடிக்கு எத்தனை அதிர்வு என்ற எண்ணிக்கை. எண்ணுவதற்கு நல்ல கடிகாரம் இருந்தால் போதும், நல்ல மைக் வேண்டாம். போனுக்குள் இருக்கும் குவார்ட்ஸ் கடிகாரம் லட்சத்தில் சில பங்குதான் பிசகும். அதை வைத்துக்கொண்டு மைக்கை விநாடிக்கு 44,100 அல்லது 48,000 தடவை படிக்கிறது. கலந்து வரும் அதிர்வுகளைக் கம்ப்யூட்டர் பிரித்துக்கொடுக்கிறது. அதை மின்னல் வேகத்தில் செய்யும் கணக்குமுறையை 1965-ல் கூலியும் டூக்கியும் எழுதினார்கள்.

சிதம்பரத்தில் இந்தக் கணக்குக்கு ஒரு பழைய உறவு உண்டு. 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகச் சேர்ந்த சுவாமி விபுலானந்தர் அறிவியல் பட்டதாரி. பண்டைத் தமிழிசையின் சுரங்களை எண்களாகக் கணக்கிட்டு அவர் எழுதிய யாழ் நூல் 1947-ல் வெளிவந்தது. தாளில் அவர் போட்ட விகிதங்களை இன்று போனில் சோதிக்கலாம். ஒரு கட்டை ஷட்ஜம் 261.6 என்றால், அதன் ஒன்றரை மடங்கான பஞ்சமம் 392.4. கீபோர்டில் அதே பஞ்சமம் 392.0. அந்தப் புள்ளி நாலைக் காது கோட்டைவிடலாம், போன் விடாது.

வீட்டுக்கு வந்ததும், கீழ சன்னதிக் கடையில் வாங்கிய வெண்கல மணியை ஒருமுறை தட்டி, இரண்டு போன்களிலும் பதிவுசெய்தோம். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்தால், அலை சீராகத் தேயாமல் புடைத்துப் புடைத்து ஒடுங்கியது. வார்ப்பு முழு வட்டமாக அமையாமல் ஒரு பக்கம் சற்றுத் தடித்துவிட்டால், ஒரே மணி மிக நெருங்கிய இரண்டு சுருதிகளில் பேசும். விநாடிக்கு எத்தனை புடைப்போ அத்தனைதான் இரண்டுக்கும் இடைவெளி. என் போனின் பதிவில் ஐந்து எண்ணினேன். அவன் போனில் அலை என்னுடையதைவிட நல்ல உயரம், ஆனால் புடைப்பு அங்கேயும் ஐந்துதான்.