கொசுவின் இரும்புக் கிடங்கு

பெண் ஏடிஸ் கொசு ஒரே மூச்சில் உறிஞ்சும் இரத்தம் இரண்டு, மூன்று மைக்ரோலிட்டர்தான். நமக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கொசுவுக்கோ கிட்டத்தட்ட தன் உடல் எடைக்கு நிகரான விருந்து. அதில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது: இரும்பு. அது இல்லாமல் முட்டை வளராது. ஆனால் கட்டுப்பாடின்றித் திரியும் இரும்பு, ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து செல்லின் கொழுப்பையும் டி.என்.ஏ.வையும் சிதைத்துவிடும்.

கதிரியக்க இரும்பு கலந்த உணவைக் கொடுத்துக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். ஹீமோகுளோபினில் இரும்பைத் தாங்கும் பகுதியான ஹீம் வழியாக வந்த இரும்பில் சுமார் 87 சதவீதத்தைக் கொசு கழிவாகவே தள்ளிவிடுகிறது. தங்குகிற இரும்பைப் பத்திரப்படுத்துவது ஃபெரிட்டின் என்ற புரதம். 24 துண்டுகள் கூடிய குழிந்த உருண்டை அது. உள்ளே இரும்பு, துருவுக்கு நெருங்கிய கனிமமாக உறைந்து கிடக்கும்.

இரும்பு வந்த பிறகு மரபணுவிலிருந்து புதிதாகப் படியெடுத்து உருண்டை கட்டுவதென்றால் நேரமாகும். அதனால் தூது ஆர்.என்.ஏ. என்ற அந்தப் படி முன்பே தயார். ஃபெரிட்டினின் கனமான துண்டுக்கான தூது ஆர்.என்.ஏ.வின் தொடக்கத்தில், மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு போல ஒரு மடிப்பு. இரும்பு குறைவாக உள்ளபோது ஐ.ஆர்.பி.1 என்ற புரதம் அந்த மடிப்பில் வந்து உட்கார்ந்துகொள்ளும். புரதம் கட்டும் ரைபோசோம் ஏற முடியாது, ஃபெரிட்டின் உருவாகாது. இரும்பு பெருகியதும் நான்கு இரும்பணுக்களும் நான்கு கந்தக அணுக்களும் ஐ.ஆர்.பி.1-க்குள் கொத்தாகப் பொருந்துகின்றன. அதன் வடிவம் மாறி, பிடி விட்டுப்போகிறது. ஆக, தடையை நீக்குவது இரும்பேதான். விலகிய புரதமும் சும்மா இருப்பதில்லை. அகோனிட்டேஸ் என்ற நொதியாக வேறு வேலைக்குப் போய்விடுகிறது. இந்த இரட்டை வேடம்தான் எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம்.

இதே மடிப்பும் இதே தடையும் நம் உடலிலும் உண்டு. பூச்சிகள் வேறுபடுவது அடுத்த கட்டத்தில். நம் ஃபெரிட்டின் பெரும்பாலும் செல்லுக்குள்ளேயே இருக்க, பூச்சியின் ஃபெரிட்டின் சுரப்புப் பாதை வழியே வெளியேறி அதன் இரத்தத்திலும் சுற்றுகிறது. பழ ஈ இன்னும் ஒரு தந்திரம் செய்கிறது: இரும்பு மிகுந்தால், அந்த மடிப்பே இல்லாத தூது ஆர்.என்.ஏ.க்களை அதன் குடல் கூடுதலாகத் தயாரிக்கிறது. அவற்றை ஐ.ஆர்.பி.யால் தடுக்கவே முடியாது.

பழ ஈயின் இரண்டு முக்கிய ஃபெரிட்டின் மரபணுக்களும் குரோமோசோமில் அடுத்தடுத்தே இருக்கின்றன. இரண்டில் ஒன்று அடியோடு செயலிழந்தாலும் கரு வளர்ந்த ஈயாக வெளிவருவதில்லை.