கேமிங் கணினி: வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

எஸ்பிஎம் முடித்த பிள்ளைக்குக் கேமிங் கணினி வேண்டும். கடைக்காரர் சொல்லும் விலை 5,000 வெள்ளி. பண்டமாரானில் துறைமுகச் சம்பளத்தை நம்பி ஓடும் வீட்டுக்கு அது ஒரேயடியாக எடுத்து வைக்கக்கூடிய தொகை அல்ல. அதனால்தான் ‘மாதம் இவ்வளவு கட்டினால் போதும்’ என்ற பேச்சு எடுபடுகிறது. அந்த மாதத் தொகைக்குப் பின்னால் இருக்கும் கணக்கைப் பார்ப்போம்.

நேரமும் சரியில்லை. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொள்வதால், 2025 இறுதியிலிருந்து ரேம் விலை கிடுகிடுவென ஏறியது. ‘குருஷியல்’ என்ற பெயரில் ரேம் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், பொதுமக்களுக்கான அந்த விற்பனையையே கைவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது.

முதலில் மணிக்கணக்கு

5,000 வெள்ளிக் கணினியை நான்கு ஆண்டு பயன்படுத்தி, பிறகு 1,200 வெள்ளிக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். மின்கட்டணத்தைச் சேர்க்காமல், மாதச் செலவு ஏறக்குறைய 79 வெள்ளி. சைபர் கஃபேயில் மணிக்கு 3 வெள்ளி என்றால், அதே பணத்துக்கு 26 மணி நேரம் விளையாடலாம். வார இறுதியில் மட்டும் விளையாடுபவருக்குக் கஃபேதான் மலிவு. தினமும் மூன்று மணி நேரம் உட்காருபவர் அங்கே மாதம் 270 வெள்ளி கொடுப்பார். அவர் சொந்தமாக வாங்குவதே மேல்.

தவணையில் வாங்கினால்

பயனீட்டுப் பொருள்களைத் தவணையில் வாங்குவோருக்கு 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம் பாதுகாப்பளிக்கிறது. முன்பணம் விலையில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். அதாவது 500 வெள்ளி கட்டி, மீதி 4,500 வெள்ளிக்குத் தவணை போடலாம். நெடுங்காலம் நடப்பில் இருந்த உச்சவரம்பான ஆண்டுக்கு 10 விழுக்காடு நிலை வட்டியில் மூன்று ஆண்டுக்கு 1,350 வெள்ளி வட்டி. மாதத் தவணை 162 வெள்ளி 50 சென். முன்பணத்தையும் சேர்த்தால், 5,000 வெள்ளிக் கணினி 6,350 வெள்ளியில் முடிகிறது.

நிலை வட்டியில் கடன் குறையக் குறைய வட்டி குறைவதில்லை என்பதால், பத்து விழுக்காடு என்று சொல்லப்படுவது உண்மையில் 18 விழுக்காட்டை ஒட்டி வருகிறது. ஆனாலும் பொருள் கடைசியில் நம்முடையது. அடுத்தடுத்து இரண்டு தவணை தவறினால்தான், அதுவும் 21 நாள் எழுத்துமூல அறிவிப்புக் கொடுத்த பிறகுதான், பொருளைப் பறிமுதல் செய்ய முடியும். விலையில் முக்கால் பங்குக்கு மேல் கட்டிவிட்டால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் கைவைக்க முடியாது. ‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ செயலிகள் இந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. அவற்றையும் ஒழுங்குபடுத்த 2025இல் நாடாளுமன்றம் பயனீட்டாளர் கடன் சட்டத்தை நிறைவேற்றியது.

மாத வாடகையில் எடுத்தால்

மாதம் 200 வெள்ளி வாடகை என்றால் மூன்று ஆண்டில் 7,200 வெள்ளி. அதன் பிறகு கணினியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். விற்றுக் காசாக்கவும் வழியில்லை. அமெரிக்காவில் என்இசட்எக்ஸ்டி நிறுவனத்தின் ‘ஃபிளெக்ஸ்’ வாடகைத் திட்டத்தை 2024 இறுதியில் ‘கேமர்ஸ் நெக்சஸ்’ என்ற யூடியூப் ஊடகம் ஆராய்ந்து கடுமையாகச் சாடியது. விற்பனைப் பக்கத்திலும் வாடகைப் பக்கத்திலும் ஒரே பெயரில் இருந்த கணினியின் உள்பாகங்கள் வேறுவேறாக இருந்ததையும் அது எடுத்துக்காட்டியது. தவறுகள் நேர்ந்ததை நிறுவனத் தலைவரே பின்னர் ஒப்புக்கொண்டார்.

வாடகைக்கும் இடமுண்டு. ஒரு வார இறுதிப் போட்டி, இரண்டு மாத அனிமேஷன் பயிற்சி போன்ற குறுகிய தேவைகளுக்கு அது பொருந்தும். ஆறு மாதத்தைத் தாண்டும் என்று தெரிந்தால் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள்.

கையெழுத்துக்கு முன்

மொத்தமாக எவ்வளவு கட்டுவோம், பழுதானால் யார் செலவு, இடையில் நிறுத்தினால் அபராதம் எவ்வளவு, வாடகைக்குக் கட்டிய முன்பணம் எப்போது திரும்பும் ஆகிய நான்கையும் எழுத்தில் கேளுங்கள். கிராஃபிக்ஸ் கார்டு, பிராசசர், ரேம் ஆகியவற்றின் சரியான மாடல் எண்ணும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வாடகைக்கு எடுத்தவருக்கும் பொருந்தும். தகராறு வந்தால் வழக்கறிஞர் இல்லாமலே, 5 வெள்ளிக் கட்டணத்தில், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம்.

கணினியை ஒரே நாளில் முழுமையாக வாங்கியாக வேண்டும் என்றும் இல்லை. வேலோரண்ட், டோட்டா 2 போன்றவற்றை ஓட்ட, கிராஃபிக்ஸ் உள்ளடங்கிய பிராசசரே போதும். அதில் தொடங்கி, தனி கிராஃபிக்ஸ் கார்டை அடுத்த ஆண்டு போனஸில் லோ யாட் பிளாசாவிலோ கிள்ளான் கடையிலோ வாங்கிப் பொருத்தலாம். வாடகைக் கணினியில் இப்படிப் பாகம் மாற்ற விடமாட்டார்கள். சொந்தக் கணினியில் இப்படிப் படிப்படியாகப் போனால் கடனே வாங்காமல் சமாளித்துவிடலாம்.