வட்டி கூடினால் பயம் ஏன்?

2022 மே 4, புதன்கிழமை. அன்று மாலை உதியன்குளங்கரையில் அயல்கூட்டம் கூடியது. பெண்கள் வாரப் பணத்தை எண்ணிக்கொண்டு இருந்தார்கள். ஒரு பெண் மட்டும் கவலையாக இருந்தார்.

"அக்கா, வட்டியைக் கூட்டிட்டாங்களாம். பங்குச் சந்தை விழுந்துட்டாம். பேங்கில போட்ட பணம் போயிருமா?"

மகள் கல்யாணத்துக்காக அவர் வங்கியில் நிரந்தர வைப்பு போட்டிருந்தார்.

"அது போகாது மக்களே" என்றார் செயலாளர் அக்கா.

அன்று நடந்தது என்ன?

வங்கிகளுக்கெல்லாம் வங்கி ஒன்று உண்டு. அதுதான் ரிசர்வ் வங்கி. 1935இல் தொடங்கியது. மற்ற வங்கிகள் அதனிடம் கடன் வாங்கும். அந்தக் கடனுக்கான வட்டியை ரெப்போ வட்டி என்பார்கள். மொத்தக் கடையில் அரிசி விலை ஏறினால் சில்லறைக் கடையிலும் ஏறும் அல்லவா? அதுபோல ரெப்போ வட்டி ஏறினால் வீட்டுக் கடன் வட்டியும் ஏறும். கடன் வாங்குவது குறையும். வாங்கிச் செலவழிப்பதும் குறையும். விலைவாசி அடங்கும். 2022இல் விலைவாசி மிகவும் ஏறியிருந்தது. எண்ணெய் விலையைக் கேட்டாலே பயம்!

நூறு ரூபாய்க்கு 4 ரூபாயாக இருந்த வட்டி, அன்று 4 ரூபாய் 40 காசு ஆனது. கூடியது 40 காசுதான். ஆனால் மும்பைப் பங்குச் சந்தையின் சென்செக்ஸ் 1,307 புள்ளிகள் விழுந்தது. பங்கு வாங்கியவர்கள் பயந்து விற்றார்கள்.

வட்டி கூடினால் கம்பெனிகளின் லாபம் குறையும். அது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. வட்டியை முடிவு செய்ய ஆறு பேர் கொண்ட குழு உண்டு. அது கூடும் தேதிகள் முன்பே தெரியும். அடுத்த கூட்டம் ஜூன் மாதம்தான். ஆனால் குழு சொல்லாமல் மே மாதமே கூடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சிட்டிப் பணம் வாங்க வருபவர், திடீரென்று புதன்கிழமை வாசலில் நின்றால்? "என்னமோ நடந்திருக்கு" என்றுதானே நினைப்போம்! முதலீடு செய்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று வட்டி மறுபடியும் கூடியது. இந்த முறை 50 காசு. வட்டி 5 ரூபாய் 90 காசு ஆனது. சந்தை விழுந்ததா? இல்லை. 1,017 புள்ளிகள் ஏறியது! 50 காசு கூடும் என்று பலரும் முன்பே கணக்குப் போட்டிருந்தார்கள். எதிர்பார்த்தது வந்தால் பயம் இல்லை.

2023 பிப்ரவரியில் வட்டி 6 ரூபாய் 50 காசு வரை போனது. 2025இல் இறங்கத் தொடங்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் 5 ரூபாய் 25 காசு ஆனது.

சரி, அந்தப் பெண்ணின் பணம்? நிரந்தர வைப்பு பங்குச் சந்தையில் போட்ட பணம் அல்ல. போட்ட நாளில் சொன்ன வட்டி, தவணை முடியும்வரை மாறாது. பயந்து நடுவில் எடுத்தால்தான் வட்டி குறையும்.

அவர் பணத்தை எடுக்கவில்லை. ஆனால் மாறும் வட்டியில் வீட்டுக் கடன் வாங்கிய பக்கத்து வீட்டு அண்ணன் சும்மா இருக்க முடியுமா? மாதத் தவணை எவ்வளவு கூடும் என்று கேட்க, மறுநாள் காலையிலேயே வங்கிக்குப் போய்விட்டார்.