காலமறிந்து சாகும் செல்கள்

பாலக்கோடு சந்தைக்கு வரும் தக்காளியில் பெரும்பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர் வேரிலிருந்து செடிக்குள் ஏறியது செத்த செல்களின் வழியாக. நீர் ஏறும் இந்தச் சைலம் குழாயில் உயிர் இருந்தால் நீர் தடையின்றி ஓடாது.

இந்தச் சாவைச் செடியே திட்டமிட்டு நடத்துகிறது. குழாயாகப் போகும் செல் முதலில் லிக்னினால் தன் சுவரைக் கெட்டிப்படுத்துகிறது. செரிக்கும் நொதிகளை உள்ளே ஒரு நீர்ப்பையில் பூட்டி வைத்திருக்கிறது. சுவர் தயாரானதும் பை உடைய, உட்கரு உட்பட எல்லாம் கரைந்துபோகும். நம் உடலில் செத்த செல்லை வேறு செல்கள் விழுங்கிவிடும். சுவருக்குள் அடைபட்ட தாவரச் செல் தன்னைத் தானே செரித்துக்கொள்ள வேண்டும். 1980-ல் ஜப்பானின் ஃபுகுடாவும் கோமமினேவும் ஜின்னியா இலையின் தனிச்செல்களை ஆக்சின், சைட்டோகைனின் என்ற ஹார்மோன்கள் கலந்த ஊடகத்தில் வளர்த்து, அவை சைலம் செல்களாக மாறுவதைக் காட்டினார்கள். செல்லைச் சாகச் சொல்வதிலும் ஹார்மோனுக்குப் பங்குண்டு என்பது அப்போது கண்கூடானது.

காலியான குழாயில் ஓர் ஆபத்தும் உண்டு. பாக்டீரியா வாடல் நோய்க் கிருமி அதற்குள்தான் பெருகுகிறது. வாடிய தக்காளித் தண்டைக் குறுக்கே வெட்டி, தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடி டம்ளரில் வெட்டுமுனை நனையப் பிடித்தால், சற்று நேரத்தில் பால்போல வெள்ளை இழை இறங்கும். அந்த இழை முழுக்கக் கிருமி.

பூவில் செல் சாகும் காலக்கணக்கு இன்னும் நுட்பம். மகரந்தப்பையின் உட்சுவரில் டபீட்டம் என்ற செல் அடுக்கு வளரும் மகரந்தத்துக்கு ஊட்டம் தந்து, வேலை முடிந்ததும் சாகிறது. முந்திச் செத்தாலும் பிந்திச் செத்தாலும் மகரந்தம் மலடுதான். சூரியகாந்தியில் ஒரு வகை ஆண்மலட்டுச் செடியில் மைட்டோகாண்ட்ரியாவின் கோளாறால் டபீட்டம் முந்திச் செத்துவிடுகிறது. கலப்பின விதை உற்பத்தி செய்பவர்களுக்கு அதுவே வசதி: மகரந்தத்தைக் கையால் நீக்க வேண்டியதில்லை. தக்காளியில் அந்த வசதி பரவலாக இல்லை. கர்நாடகத்தின் ராணிபென்னூரில் விதைக்காக மொட்டைப் பிரித்து மகரந்தப்பையைக் கிள்ளி எடுக்கிறார்கள்.

கடும் வெயில் இந்த ஒழுங்கைக் குலைக்கிறது. தக்காளிப் பூ உதிர்வதற்கு மலட்டு மகரந்தம் ஒரு முக்கியக் காரணம். சேதம் நடப்பது பூ விரிவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, மூடிய மொட்டுக்குள். உதிர்ந்த பூவைப் பார்த்து அன்றைய வெயிலைக் குறை சொல்வதில் பயனில்லை. மொட்டுப் பருவம் சித்திரை வெயிலில் மாட்டாதபடி நடவை முன்பின் நகர்த்துவதே விவசாயி கையில் இருக்கும் நல்ல வழி.