ரத்தத்துக்கு விலை இல்லை, ரசீது உண்டு

“மிக அவசரம். ஓ நெகட்டிவ் ரத்தம் நான்கு யூனிட் தேவை. அதிகம் பகிரவும்.” இப்படியொரு செய்தி உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கும். எந்த ஊர், எந்த மருத்துவமனை, எந்தத் தேதி என்ற விவரம் எதுவும் அதில் இருக்காது. ஒரு எண் மட்டும் இருக்கும். கூப்பிட்டுப் பார்த்தால், “அவர் டிஸ்சார்ஜ் ஆகி மாசக்கணக்காச்சு, இன்னும் போன் வந்துக்கிட்டே இருக்குங்க” என்று அலுத்துக்கொள்வார்கள். உண்மையாகவே ரத்தம் தேடுகிறவர்களின் பாடு இன்னும் மோசம். அவர்கள் எண்ணைப் போட்ட சற்று நேரத்தில் யாரோ ஒருவர் அழைப்பார். “ஆள் ரெடியா இருக்கு, வண்டிச் செலவுக்கு மட்டும் ஜிபே பண்ணிடுங்க” என்பார். பணம் போனபின் அந்த எண் அணைந்துவிடும்.

அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய இரவு “ரெண்டு பாட்டில் ரத்தம் ஏற்பாடு பண்ணிடுங்க” என்று ஒரு துண்டுச் சீட்டை உறவினர் கையில் திணித்துவிட்டு நகர்ந்துவிடுகிற மருத்துவமனைகளே இந்தச் சந்தையை வளர்க்கின்றன. அந்தச் சீட்டையும் சோதனைக் குழாயையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எங்கே போவதென்று தெரியாமல் ஓடுகிற மகனையும் மருமகனையும் எந்த ஊர் மருத்துவமனை வாசலிலும் பார்க்கலாம். அந்த ஓட்டத்தில்தான் பணமும் போகிறது, சில சமயம் உயிரும் போகிறது.

ஒரு வளர்ந்த மனிதரின் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. இதயம் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட அதே அளவைத் தள்ளுகிறது. அதாவது உடலின் மொத்த ரத்தமும் ஒரே நிமிடத்தில் ஒரு சுற்று வந்துவிடுகிறது. தவறான ரத்தம் ஏறினால் அது உடல் முழுக்கப் பரவ எவ்வளவு நேரம் ஆகும் என்பதை இதிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்பணுக்களின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அவற்றின் மேற்புறத்தில் உள்ள அடையாளப் பொருள்களை வைத்துத்தான் ஏ, பி, ஏபி, ஓ என்று பிரிக்கிறோம். ஓ வகைக்காரரின் ரத்தத்தில் ஏ, பி இரண்டையும் தாக்கும் எதிர்ப்பொருள்கள் பிறவியை ஒட்டிய மாதங்களிலிருந்தே தயாராக இருக்கின்றன. அவருக்கு ஏ வகை ரத்தம் ஏறினால், வந்த அணுக்கள் ரத்தக் குழாய்க்குள்ளேயே உடைகின்றன. அந்தச் சிதைவு சிறுநீரகத்தை அடைக்கிறது, ரத்த அழுத்தம் சரிகிறது. சில தேக்கரண்டி அளவு ஏறினாலே விபரீதம் தொடங்கிவிடும்.

இந்த விபத்து பெரும்பாலும் ஆய்வகத்தில் நடப்பதில்லை. பெயர் மாறுவதால் நடக்கிறது. ஒரே வார்டில் இரண்டு முருகேசன்கள், இரண்டு லட்சுமிகள். செவிலியர் நான்கு பேரிடம் ரத்தம் எடுத்து, நான்கு குழாய்களையும் மேசைக்குக் கொண்டுபோய், அங்கே உட்கார்ந்து பெயர் எழுதுகிறார். ஆபத்து அந்த மேசையில் பிறக்கிறது. குழாயில் பெயர் எழுதவேண்டிய இடம் நோயாளியின் கட்டில் ஓரம். எழுதவேண்டிய நேரம், ஊசியை எடுத்த மறு நிமிடம். முழுப்பெயர், வயது, உள்நோயாளி எண், வார்டு, தேதி, நேரம், எடுத்தவரின் கையெழுத்து எல்லாம் குழாயின் மேலேயே வேண்டும். வெறும் பெயர் எழுதிய குழாயை உங்கள் கையில் கொடுத்தால் வாங்காதீர்கள். “உள்நோயாளி எண் எழுதிக் கொடுங்கள்” என்று கேளுங்கள். அவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அதே கவனம் கோரிக்கைப் படிவத்துக்கும் வேண்டும். துண்டுச் சீட்டு படிவம் ஆகாது. நோயாளியின் விவரம், நோய் என்ன, எந்தக் கூறு தேவை (முழு ரத்தமா, சிவப்பணுவா, தட்டணுவா, பிளாஸ்மாவா), எத்தனை யூனிட், எப்போது தேவை, இதற்குமுன் ரத்தம் ஏற்றியதுண்டா, பெண்ணானால் பிள்ளைப்பேறு விவரம், மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண், முத்திரை இவ்வளவும் அதில் இருக்கவேண்டும். முன்பு ரத்தம் ஏற்றியவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் வேறு எதிர்ப்பொருள்கள் உருவாகியிருக்கலாம். அந்தக் கட்டத்தை வெற்றாக விட்டால் ஆய்வகம் அதைத் தேடாமல் போகக்கூடும். படிவத்தைக் கொடுத்து அனுப்புமுன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

எங்கே போவது? இ-ரக்த்கோஷ் என்ற மத்திய அரசின் இணையதளத்தில் மாவட்டத்தையும் ரத்த வகையையும் கூறையும் தேர்ந்தெடுத்தால் எந்த ரத்த மையத்தில் எவ்வளவு இருப்பு என்று காட்டும். வாட்ஸ்அப்பில் செய்தி போடுமுன் அங்கே பாருங்கள். இருப்பைக் காட்டும் மையத்துக்குப் புறப்படுமுன் தொலைபேசியில் உறுதிசெய்துகொள்ளுங்கள். எல்லா மையங்களும் கணக்கை உடனுக்குடன் ஏற்றுவதில்லை.

இனி பணம். இந்தியாவில் ரத்தம் விற்பனைப் பொருள் கிடையாது. உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரியில் ‘காமன் காஸ்’ வழக்கில் அளித்த தீர்ப்பால், காசுக்கு ரத்தம் கொடுக்கும் முறை 1998 ஜனவரி 1 முதல் ஒழிந்தது. ரத்த மையம் வாங்கக்கூடியது பரிசோதனை, பிரித்தெடுத்தல், பாதுகாத்தல் ஆகியவற்றுக்கான பதப்படுத்தும் கட்டணம் மட்டுமே. அதற்கும் உச்ச வரம்பு உண்டு. தேசியக் குருதி மாற்றுக் குழுமம் 2022-இல் திருத்திய அளவின்படி ஒரு யூனிட் முழு ரத்தம் அல்லது சிவப்பணுவுக்கு அரசு மையத்தில் 1,100 ரூபாய், தனியார் மையத்தில் 1,550 ரூபாய். சாதாரணத் தட்டணுவோ பிளாஸ்மாவோ ஒரு யூனிட்டுக்கு அரசு மையத்தில் 300, தனியார் மையத்தில் 400. நாட் எனப்படும் நியூக்ளிக் அமிலச் சோதனை போன்ற கூடுதல் பரிசோதனை செய்திருந்தால் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. அது ரசீதில் தனி வரியாக வரவேண்டும். 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதி, பதப்படுத்தும் கட்டணத்துக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது என்று மறுபடி நினைவூட்டினார். நினைவூட்ட வேண்டியிருந்தது என்பதே நிலைமையைச் சொல்லும்.

அரசு ரத்த மையங்களில் தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாளணுச் சோகை உள்ளவர்களுக்கு அந்தக் கட்டணமும் கிடையாது. அடையாள அட்டை வைத்திருக்கும் குடும்பங்களே சில இடங்களில் பணம் கட்டிவிட்டு வருகிறார்கள். யாரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

“ஒரு யூனிட் வேண்டுமென்றால் ஒரு ஆள் கொண்டு வா” என்ற நிபந்தனை இன்னொரு கொடுமை. 2002-இன் தேசியக் குருதிக் கொள்கையே இந்த ஈட்டுக் கொடை முறையைப் படிப்படியாக ஒழிக்கவேண்டும் என்கிறது. நியாயமும் அதுதான். மாமனாருக்கு அறுவைச் சிகிச்சை, ஆள் கிடைக்கவில்லை, மருமகன் நிற்கிறார். போன வருடம் பச்சை குத்திக்கொண்டதையோ, மஞ்சள் காமாலை வந்ததையோ, வேறு எதையோ அந்த இடத்தில், அத்தனை உறவினர் முன்னால் சொல்வாரா? மறைப்பார். தொற்று ஏற்பட்ட முதல் சில நாட்களில் எடுத்த ரத்தத்தில் எந்தப் பரிசோதனையும் எச்.ஐ.வி.யைக் காட்டாது. அந்த இடைவெளியில் நம்மைக் காப்பது கொடுப்பவரின் உண்மை மட்டுமே. வற்புறுத்தி வரவழைத்தவரிடமும் காசுக்கு வந்தவரிடமும் அந்த உண்மையை எதிர்பார்க்க முடியாது.

நெருங்கிய உறவின் ரத்தம்தான் பத்திரம் என்ற நம்பிக்கையும் தவறு. தாய், தந்தை, பிள்ளை, உடன்பிறந்தோர் ரத்தத்தில் உள்ள வெள்ளையணுக்களை நோயாளியின் உடல் அந்நியமாக அடையாளம் காணாமல் விட்டுவிடலாம். அவை உள்ளே பெருகி நோயாளியையே தாக்கும். அரிது, ஆனால் வந்தால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. கதிர்வீச்சு செலுத்திய பிறகே அத்தகைய ரத்தத்தை ஏற்றலாம். உரிமம் இல்லாத சிறு மருத்துவமனையில், அண்ணன் கையில் எடுத்து அப்படியே தம்பிக்கு ஏற்றுவது இதைவிட மோசம். அது சட்டப்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம். “அவசரத்துக்குச் செஞ்சாங்க, நல்லவங்க” என்று பாராட்டுகிறோம். பாராட்டாதீர்கள்.

கவனக்குறைவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் நடந்ததைச் சொல்லவேண்டும். ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. அது சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்தது. கொடுத்த இளைஞருக்கு 2016-இல் ரத்தம் கொடுத்தபோதே தொற்று பரிசோதனையில் தெரிந்திருந்தது. அந்தச் செய்தி அவருக்குப் போய்ச் சேரவில்லை. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் தெரியவந்ததும் அவரே வந்து சொன்னார். அதற்குள் ஏற்றியாகிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019-இல் உத்தரவிட்டது. ஒரு தொலைபேசி அழைப்போ ஒரு கடிதமோ ஒழுங்காகப் போயிருந்தால் இத்தனையும் நேர்ந்திருக்காது.

ரத்தப் பை கைக்கு வந்ததும் செய்யவேண்டியதை இரண்டு முறை சொன்னாலும் தகும். பையின் மேல் ஒட்டிய சீட்டைப் பாருங்கள். மையத்தின் பெயர், முகவரி, உரிம எண், யூனிட் எண், எடுத்த தேதி, காலாவதித் தேதி, பரிசோதனை முடிவு எல்லாம் அச்சிட்டிருக்கும். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது: சீட்டின் நிறம். சட்ட விதிப்படி ஓ வகைக்கு நீலம், ஏ வகைக்கு மஞ்சள், பி வகைக்கு இளஞ்சிவப்பு, ஏபி வகைக்கு வெள்ளை. உங்கள் நோயாளி பி வகையாக இருந்து, வந்திருக்கும் பையில் மஞ்சள் சீட்டு இருந்தால் உடனே சத்தம் போடுங்கள்.

சிவப்பணுப் பையைப் பனிக்கட்டிப் பொதியுடன் பெட்டியில் கொண்டுவரவேண்டும். தட்டணுவைப் பனிக்கட்டியில் வைக்கவே கூடாது. அது 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில், அசைத்துக்கொண்டே வைக்கவேண்டியது, ஆயுள் 5 நாள். ஸ்கூட்டர் கொக்கியில் பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டு வெயிலில் ஊர் சுற்றிக் கொண்டுவராதீர்கள். சில்லென்று இருக்கிறதே என்று வெந்நீரில் போடாதீர்கள். வார்டு குளிர்பெட்டியில் “அப்புறம் ஏத்தலாம்” என்று வைக்க விடாதீர்கள். வெளியே எடுத்த நான்கு மணி நேரத்துக்குள் ஏற்றி முடித்தாக வேண்டும்.

ஏற்றத் தொடங்குமுன் இரண்டு பேர் பையையும் கேஸ் ஷீட்டையும் நோயாளியின் கைப்பட்டையையும் ஒப்பிடவேண்டும். நோயாளி பேசும் நிலையில் இருந்தால் “உங்க பேர் என்ன?” என்று கேட்கவேண்டும். “நீங்க லட்சுமிதானே?” என்று கேட்டால் அரைமயக்கத்தில் இருக்கிற யாரும் தலையாட்டிவிடுவார்கள். முதல் 15 நிமிடம் யாராவது ஒருவர் கட்டிலை விட்டு நகராமல் இருக்கவேண்டும். செவிலியருக்கு முடியாவிட்டால் நீங்கள் உட்காருங்கள், கைப்பேசி பார்க்காமல். குளிர் நடுக்கம், முதுகு வலி, மூச்சுத்திணறல், உடலில் தடிப்பு, சிறுநீர் கறுத்துப் போவது என்று எது தெரிந்தாலும் ஏற்றுவதை நிறுத்தச் சொல்லிக் கத்துங்கள். “சும்மா குளிர் ஜுரம்தான்” என்ற பதிலை ஏற்காதீர்கள். மீதி ரத்தம் உள்ள பையைக் குப்பையில் போட விடாதீர்கள். அது ரத்த மையத்துக்குத் திரும்பப் போகவேண்டும்; அதுதான் சாட்சி.

டெங்கு காலத்தில் தட்டணுவுக்காக நடக்கும் ஓட்டத்தையும் சொல்லவேண்டும். எண்ணிக்கை 40,000 ஆகிவிட்டதென்று நள்ளிரவில் ஆள் தேடுகிறார்கள். ரத்தக் கசிவு இல்லாதவருக்கு 10,000-க்குக் கீழே போனாலொழியத் தட்டணு ஏற்றத் தேவையில்லை என்பதே தேசிய வழிகாட்டுதல். “கசிவு இருக்கிறதா, எதற்காக ஏற்றுகிறீர்கள்?” என்று மருத்துவரைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

தவறு நடந்துவிட்டால் முதலில் தாள்களைத் திரட்டுங்கள். நோயாளியின் மாதிரியும் கொடையாளியின் மாதிரியும் ரத்த மையத்தில் 7 நாள்தான் இருக்கும். ஆகவே அந்த வாரத்துக்குள் மையத்துக்கு எழுத்துமூலம் புகார் கொடுங்கள், யூனிட் எண்ணைக் குறிப்பிட்டு. சிகிச்சை ஆவணங்களின் நகலை எழுதிக் கேட்டால் மருத்துவமனை 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும்.

அதிகக் கட்டணம், ரசீது மறுப்பு, உரிமம் இல்லாமல் ரத்தம் எடுத்தல் ஆகியவற்றுக்கு உங்கள் மண்டலத்தின் மருந்துக் கட்டுப்பாட்டு உதவி இயக்குநருக்கு எழுதவேண்டும். சட்டத்தின் கண்ணில் ரத்தமும் ஒரு மருந்துதான் என்பதால் உரிமம் அவர்கள் துறையின் கையில் இருக்கிறது. ஒரு படியைச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு மாநிலக் குருதி பரிமாற்றுக் குழுமத்துக்கு அனுப்புங்கள். மருத்துவமனையின் அலட்சியம் என்றால் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 1997-இன்படி மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநரிடம் போகவேண்டும். கலெக்டர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் கூட்டத்தில் மனு கொடுத்துவிட்டு, எல்லாம் முடிந்ததாக வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். அந்த மனு மேசை மேசையாக நகர்ந்து கடைசியில் இவர்களிடம்தான் வரும், மாதங்கள் கழித்து.

கட்டணம் கட்டிப் பெற்ற சிகிச்சையானால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. இலவச சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை என்றால் அந்த வழி கிடையாது, சிவில் நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோதான். நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில், பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தருகிறார்கள், தொலைபேசி 15100. போகும்போது ரசீது, படிவத்தின் படம், ரத்தப் பைச் சீட்டின் படம், டிஸ்சார்ஜ் சம்மரி நான்கையும் எடுத்துச் செல்லுங்கள். புகாரை விரைவுத் தபாலில் பதிவு செய்து ஒப்புகையுடன் அனுப்பி, கிடைக்கும் ஒப்புகையை மூலப் பிரதியோடு சேர்த்துப் பின் குத்தி வையுங்கள்.