5,000 ரூபாய் ‘எலெக்ட்ரிக் டர்போ’: அந்த பவர் எங்கிருந்து வருது?



சென்னையில் வேலை, 1.2 லிட்டர் பெட்ரோல் கார், மாசா மாசம் இஎம்ஐ. சனிக்கிழமை காலையில நாலு பேர் ஏறி, ஏசியைப் போட்டுக்கிட்டு ஈசிஆர்ல புதுச்சேரிக்குக் கிளம்புறீங்க. மரக்காணம் உப்பளங்கள் கண்ணுக்கு எட்டுற தூரம் விரியுற இடத்துல, முன்னாடி மூட்டை ஏத்துன ஒரு உப்பு லாரி. ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா இன்ஜின் சத்தம்தான் ஏறுது, வேகம் ஏறல. எதிர்ல பஸ் வருது. பின்வாங்கிடுறீங்க.

இந்த அனுபவம் பலருக்கும் இருக்கும். அதுக்கப்புறம் போன்ல தேடினா ஆன்லைன் கடைகள்ல ‘எலெக்ட்ரிக் டர்போ’, ‘எலெக்ட்ரிக் சூப்பர்சார்ஜர்’னு சின்ன ஃபேன் மாதிரி ஒண்ணு வந்து நிற்கும். சில ஆயிரம் ரூபாய்தான். “பவர் கூடும், மைலேஜும் கூடும்”னு போட்டிருப்பாங்க. நோ காஸ்ட் இஎம்ஐ வசதியும் இருக்கும்.

வாங்கலாமா? நம்ம சேனல்ல ஒரு முதலீட்டுத் திட்டத்தைப் பார்க்கும்போது முதல்ல கேட்கிற கேள்வியையே இங்கேயும் கேட்போம். மாசம் 5% தர்றேன்னு ஒருத்தர் சொன்னா, “அந்தப் பணம் எங்கிருந்து வருது?”னு கேட்போம் இல்லையா? இங்கே கேள்வி: அந்த பவர் எங்கிருந்து வருது?

முதல்ல, டர்போ என்ன செய்யுது?

இன்ஜின் பெட்ரோலை மட்டும் எரிக்கறதில்ல. 1 கிராம் பெட்ரோல் சரியா எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேணும். அதனால அதிக பவர் வேணும்னா அதிக காற்று உள்ள போகணும். சாதாரண இன்ஜின் காற்றைத் தானா உறிஞ்சிக்கும். டர்போ, சூப்பர்சார்ஜர் ரெண்டும் காற்றை அழுத்தி உள்ள திணிக்கும்.

சூப்பர்சார்ஜர் இன்ஜினோட சுழற்சியிலிருந்தே சக்தி எடுத்துக்கும். டர்போ சைலன்சர் வழியா வெளியே போற சூடான புகையை வச்சு சுத்தும். பெட்ரோல்ல இருக்கிற சக்தியில ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு அந்தப் புகையிலேயே வீணா போகுது. அதுல கொஞ்சத்தைப் பிடிச்சு வேலை வாங்குறதுதான் டர்போவோட கெட்டிக்காரத்தனம்.

இதே கெட்டிக்காரத்தனம் மரக்காணம் உப்பளத்துலயும் இருக்கு. கடல்நீர்ல இருந்து 1 கிலோ உப்பு எடுக்க சுமார் 37 லிட்டர் தண்ணியை ஆவியாக்கணும். அதை ஹீட்டர் போட்டுச் செஞ்சா 23 யூனிட்டுக்கு மேல கரண்ட் ஆகும். அந்தக் கரண்ட் பில்லைக் கட்டி உப்பு வித்தா யாருக்கும் கட்டுப்படியாகாது. பாத்தியில தண்ணியைத் தேக்கி, அந்த வேலையை வெயிலுக்கும் காத்துக்கும் விட்டுடறதாலதான் உப்பு நமக்கு மலிவா கிடைக்குது. டர்போவுக்குப் புகை, உப்பளத்துக்கு வெயில். ரெண்டுமே எப்படியும் வந்துகிட்டிருக்கிற சக்தி.

எலெக்ட்ரிக் சூப்பர்சார்ஜருக்கு அப்படி இலவசமா எதுவும் கிடையாது. அதுக்குக் கரண்ட் வேணும். கரண்ட் பேட்டரியிலிருந்து வரணும். பேட்டரியை ஆல்டர்னேட்டர் நிரப்பணும், ஆல்டர்னேட்டரை இன்ஜின் சுத்தணும், இன்ஜினுக்கு நீங்க பெட்ரோல் போடணும். ஆக, பில் கடைசியா உங்ககிட்டதான் வருது.

எவ்வளவு கரண்ட் வேணும்? கணக்கு போடுவோம்

உங்க 1.2 லிட்டர் இன்ஜின் நிமிஷத்துக்கு 6,000 சுற்று சுத்தும்போது, ரெண்டு சுற்றுக்கு ஒரு தடவை முழுசா மூச்சு இழுக்கும். அதாவது நிமிஷத்துக்கு 3,600 லிட்டர், நொடிக்கு 60 லிட்டர் காற்று. வீட்டுக்கு வர்ற 20 லிட்டர் தண்ணி கேன் மூணு, ஒவ்வொரு நொடியும் காலியாகுற மாதிரி.

இந்தக் காற்றை வெளியில இருக்கிறதைவிட 30% கூடுதல் அழுத்தத்துல திணிக்கணும்னு வச்சுக்குவோம். மிதமான டர்போ அளவுதான் இது. அழுத்துறதுல ஏற்படுற இழப்பையும் சேர்த்தா சுமார் 3,300 வாட் தேவை. ஹெச்பியில சொன்னா ஏறக்குறைய நாலரை. கிட்டத்தட்ட உப்பளத்துலயோ வயல்லயோ தண்ணி இறைக்கிற 5 ஹெச்பி மோட்டார்!

இப்போ அந்த ஃபேனோட பெட்டியைத் திருப்பிப் பாருங்க. 12 வோல்ட், 4 ஆம்பியர்னு போட்டிருந்தா, பெருக்கினா 48 வாட். வீட்டுல ஓடுற பழைய சீலிங் ஃபேன் கூட 75 வாட் எடுக்கும். 5 ஹெச்பி மோட்டார் செய்ய வேண்டிய வேலையை சீலிங் ஃபேனைவிடச் சின்ன ஒண்ணு செய்யும்னு சொல்றாங்க.

“சரி, பெரிய மோட்டாரா வாங்கிக்கிறேன்”னா? 12 வோல்ட்ல 3,300 வாட்னா 275 ஆம்பியர். சின்ன காரோட ஆல்டர்னேட்டர் மொத்தமா தர்றதே சுமார் 70 முதல் 90 ஆம்பியர். அதுலதான் ஹெட்லைட், ஏசி ஃபேன், இன்ஜின் கம்ப்யூட்டர் எல்லாம் ஓடணும். சம்பளம் 80,000, இஎம்ஐ மட்டும் 2,75,000 மாதிரி.

இன்னொரு விஷயம். இன்ஜின் நொடிக்கு 60 லிட்டர் கேட்கும்போது, அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாத ஃபேன் உதவியா இருக்காது, வழியில நிக்குற தடையாத்தான் இருக்கும். உங்களுக்கு பவர் ரொம்பத் தேவைப்படுற நேரத்துலதான், அதாவது லாரியைத் தாண்டும்போதுதான், அது காலை வாரும். பிளாஸ்டிக் இறக்கை உடைஞ்சு துண்டு உள்ள போனா இன்ஜின் செலவு தனி.

அப்போ எலெக்ட்ரிக் டர்போவே பொய்யா?

இல்லவே இல்ல. 2016-ல ஆடி நிறுவனம் எஸ்க்யூ7 டிடிஐ காரில் உண்மையான எலெக்ட்ரிக் கம்ப்ரஸரை வச்சது. 7 கிலோவாட் வரை சக்தி, நிமிஷத்துக்கு 70,000 சுற்று. கால் நொடிக்குள்ள அந்த வேகத்தைத் தொட்டுடும். அதுக்காகவே அந்தக் காரில் 48 வோல்ட் மின் அமைப்பும் தனி லித்தியம் பேட்டரியும் இருக்கு. அதிலயும் எலெக்ட்ரிக் கம்ப்ரஸர் வேலை செய்யறது கொஞ்ச நேரம்தான். புகை டர்போக்கள் வேகம் பிடிக்கிற வரைக்கும் இடைவெளியை நிரப்பிட்டு ஒதுங்கிடும். நம்ம பாஷையில சொன்னா அது சம்பளம் இல்ல, சம்பளம் வர்ற வரைக்கும் சமாளிக்கிற எமர்ஜென்சி ஃபண்ட்.

ஃபார்முலா 1 பந்தயத்துல 2014 முதல் 2025 வரை டர்போவோட தண்டுலயே ஒரு மின் மோட்டார் இருந்தது. அந்த வழியில வந்த டர்போவைத்தான் மெர்சிடீஸ் ஏஎம்ஜி தன் சி 43 காரில் 2022-ல கொண்டு வந்தது. ஆனா 2026 விதிகள்ல ஃபார்முலா 1 அந்த மோட்டாரை எடுத்துடுச்சு. செலவும் சிக்கலும் அதுக்கு முக்கியமான காரணங்கள். கோடிக்கணக்குல செலவழிக்கிற பந்தய அணிகளுக்கே பாரமா இருந்ததை 5,000 ரூபாய்க்குத் தர்றேன்னு ஒருத்தர் சொன்னா, நாம உஷாராகணும்.

வெளிநாடுகள்ல தனியா பேட்டரி, கன்ட்ரோலரோட உண்மையான கிட்டுகளும் கிடைக்குது. ஆனா அதோட செலவு முடியாது. டர்போ இல்லாத இன்ஜின்கள்ல கம்ப்ரஷன் விகிதம் பொதுவா 11, 12-ன்னு அதிகமா இருக்கும். அதுல கூடுதல் காற்றைத் திணிச்சா பெட்ரோல் முன்கூட்டியே வெடிச்சு ‘நாக்’ ஆகும். பிஸ்டன் வரைக்கும் பாதிக்கும். இன்ஜெக்டர், இன்ஜின் கம்ப்யூட்டர் டியூனிங் எல்லாத்தையும் மாத்தணும்.

பெட்டியில எழுதாத செலவுகள்

*சட்டம்:* மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, ஆர்சியில இருக்கிற விவரங்களுக்கும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கும் மாறா வண்டியை மாத்தக்கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செஞ்சது. அதே வருஷம் வந்த திருத்தத்துல பிரிவு 182ஏ சேர்ந்தது: அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது ரெண்டும்.

*இன்ஷூரன்ஸ்:* மாற்றம் செஞ்சதை கம்பெனிக்குச் சொல்லாம விட்டா, விபத்துல ஓன் டேமேஜ் கிளெய்ம் குறையலாம், நிராகரிக்கவும் படலாம். 5,000 ரூபாய் பொருளுக்காக 8 லட்ச ரூபாய் காரோட பாதுகாப்பைப் பணயம் வைக்கிறோம். லோன் பாக்கி இருந்தா, கார் போனாலும் இஎம்ஐ போகாது.

*வாரன்டி:* காற்று போற குழாயை வெட்டி, வயரிங்ல கை வச்சா, அதனால வர்ற இன்ஜின் கோளாறுக்கு வாரன்டியை எதிர்பார்க்க முடியாது.

*உப்புக் காத்து:* கடலோரத்துல வெட்டி ஒட்டின வயர் இணைப்பு சீக்கிரம் பச்சை பூத்துடும். அந்த இடத்துல கரண்ட் சரியா போகாம சூடாகும். 200 ஆம்பியருக்கு மேல ஓடுற வயர்னா அது தீ அபாயம்.

இதுக்கெல்லாம் மேல ஒண்ணு இருக்கு: பொய்யான தைரியம். “இப்போ டர்போ இருக்கு”ன்னு நம்பி லாரியைத் தாண்ட வெளியே வந்துட்டா, எதிர்ல வர்ற பஸ்ஸுக்கு அந்த ஃபேன் எத்தனை வாட்னு தெரியாது.

அப்போ என்ன செய்யலாம்?

இருக்கிற காரை வச்சே ஆரம்பிங்க. ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், டயர் காற்று மூணையும் சரியா வைங்க. ஓவர்டேக் பண்றதுக்கு முன்னாடியே ஒரு கியர் குறைங்க. அந்தச் சில நொடிக்கு ஏசியை அணைங்க. சந்தேகமா இருந்தா லாரிக்குப் பின்னாடியே போங்க. புதுச்சேரிக்குப் பத்து நிமிஷம் லேட்டா போனா நஷ்டம் ஒண்ணும் இல்ல.

நிஜமாவே பவர் பத்தலைன்னா, அடுத்த கார் வாங்கும்போது தொழிற்சாலையிலேயே டர்போ வச்ச மாடலைப் பாருங்க. மாருதி ஃப்ரான்க்ஸை எடுத்துக்குங்க. 1.2 லிட்டர் சாதாரண இன்ஜின் சுமார் 90 பிஎஸ், 113 நியூட்டன் மீட்டர். 1 லிட்டர் டர்போ 100 பிஎஸ், 147.6 நியூட்டன் மீட்டர். பிஎஸ் வித்தியாசத்தைவிட முக்கியம், டர்போவோட இழுவை 2,000 சுற்றிலேயே முழுசா கிடைக்குது. சாதாரண இன்ஜினுக்கு 4,400 வரை போகணும். லாரிக்குப் பின்னாடி நிக்கும்போது உதவுறது இந்த இழுவைதான்.

அதுக்கான விலையையும் இஎம்ஐல பார்த்துடுங்க. டர்போவுக்காக 1 லட்ச ரூபாய் கூடுதலா கடன் வாங்கினா, 9% வட்டியில:

– 5 வருஷம்: மாசம் சுமார் 2,076 ரூபாய், மொத்த வட்டி சுமார் 24,550
– 7 வருஷம்: மாசம் சுமார் 1,609 ரூபாய், மொத்த வட்டி சுமார் 35,150

வருஷத்துக்கு நாலு தடவைதான் ஹைவே போறீங்கன்னா இந்தக் காசு தேவையில்ல. அதை எஸ்ஐபியில போடுங்க. வாரா வாரம் குடும்பத்தோட ஊருக்குப் போறவங்கன்னா யோசிக்கலாம், அது நியாயமான செலவுதான்.

அந்த ஃபேனை ஏற்கனவே கார்ட்ல போட்டு வச்சிருக்கீங்களா? பணம் கட்டுறதுக்கு முன்னாடி பெட்டியில இருக்கிற வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிப் பாருங்க. 3,300 பக்கத்துல வருதான்னு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. உங்க கார், ஓட்டுற தூரம், இஎம்ஐ விவரத்தை வீடியோ கீழ எழுதுங்க. டர்போ மாடல் உங்களுக்குக் கட்டுப்படியாகுமான்னு சேர்ந்தே கணக்கு போடலாம்.