போன சாயம் எங்கே?

துணிக்கடையில் சேலையையோ சட்டைத் துணியையோ கையில் எடுத்ததும், எந்த ஊரில் வாழ்ந்தாலும் நம்மவர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சாயம் போகுமா?" போகாது என்று கடைக்காரர் உறுதி கூறினால் நாம் மன நிறைவு அடைகிறோம். துணி நம் கைக்கு வருமுன்பே அதிலிருந்து கழுவப்பட்டுப் போன சாயம் எங்கே சென்றது என்று நாம் கேட்பதில்லை. அந்த இரண்டாவது கேள்வியை இங்கே சிறிது ஆராய்வோம்.

பருத்தித் துணிக்கு இன்று பெரும்பாலும் 'ரியாக்டிவ்' சாயங்களே இடப்படுகின்றன. இவை இழையோடு இரசாயன முறையில் பிணைந்துவிடுவதால் எளிதில் வெளுப்பதில்லை. ஆனால் நீரில் நனைந்த பருத்தியிழையும் இச்சாயமும் ஒரே வகை மின்னேற்றம் உடையவை. ஆகவே ஒன்றையொன்று விலக்குகின்றன. இவ்விலக்கத்தைத் தணிக்கவே சாய நீரில் உப்புச் சேர்க்கிறார்கள். அடர்ந்த நிறமாயின் லிட்டர் ஒன்றுக்கு 60 முதல் 100 கிராம் வரை உப்பு வேண்டியிருக்கும். பின்னர்க் காரம் சேர்த்ததும் சாயம் இழையைப் பற்றுகிறது. பற்றாத சாயத்தைப் பன்முறை அலசி நீக்குகிறார்கள். உப்போ துணியில் தங்குவதே இல்லை. இட்டது அனைத்தும் கழிவுநீரோடு வெளியேறுகிறது.

தொல்லையின் வேர் இதுவே. நிறம் கண்ணுக்குத் தெரியும். அதை நீக்க வழிகளும் பல உண்டு. கரைந்த உப்போ கண்ணுக்குத் தெரியாது. நுண்ணுயிர்களைக் கொண்டு அதனை அழிக்கவும் இயலாது. எனவே, நிறம் நீங்கித் தெளிந்து தோன்றும் நீரும் பயிரைக் கருக்கலாம்; கிணற்றைக் கெடுக்கலாம்.

திருப்பூரை ஒட்டி ஓடும் நொய்யல் ஆறு இதற்குச் சான்று. பாசனத்திற்கென 1992-இல் அந்த ஆற்றின் குறுக்கே அமைந்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக் கழிவின் தேக்கமாயிற்று. அணையால் பயன்பெற வேண்டிய உழவர்களே, அதில் நீரைத் தேக்க வேண்டாம் என்று வேண்டும் நிலை வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இறுதியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. அதுவரை இழந்தவர் உழவர்; இப்போது தொழிலாளரும் பிழைப்பிழந்தனர். கழிவைச் சுத்திகரிக்காமல் மிச்சப்படுத்திய பணம் எவருக்கும் இலாபமாக நிலைக்கவில்லை.

பின்னர் அங்கே வேரூன்றிய முறை, கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத முறையாகும். நுண்ணுயிர்களால் கழிவைத் தூய்மை செய்து, நுண்சவ்வுகளின் வழியே அழுத்திச் செலுத்தி, நல்ல நீரைப் பிரித்து மீண்டும் சாயமிடப் பயன்படுத்துகிறார்கள். எஞ்சிய உப்புநீரைக் காய்ச்சி உப்பையும் மீட்கிறார்கள். இதற்கு எரிபொருள் மிகுதியாகச் செலவாகிறது. மீட்க இயலாத கலப்பு உப்பையும் சேற்றையும் பாதுகாத்து வைக்கவும் வேண்டும்.

ஆதலால் கழிவைத் தொடக்கத்திலேயே குறைப்பதுதான் சிக்கனம். எடுத்துக்காட்டாக, ஒரு கிலோ துணிக்குப் பத்து லிட்டர் சாய நீர் கொண்டு, லிட்டருக்கு 80 கிராம் உப்பு இட்டால், 800 கிராம் உப்புச் செலவாகும். ஐந்து லிட்டரிலேயே சாயமிடும் இயந்திரமாயின் 400 கிராம் போதும். குறைந்த உப்பில் பற்றும் சாயங்களும் இப்போது கிடைக்கின்றன.

ஆற்றைக் காப்பது போன்றே ஆலைக்குள் உழைப்பவரைக் காப்பதும் கடமையாகும். புற்றுநோய் விளைக்கும் பொருள்களாகச் சிதையக்கூடிய அஸோ சாயங்கள் சில உண்டு. 1997-இல் மத்திய அரசு 70 அஸோ சாயங்களைக் கையாளுவதைத் தடை செய்தது. அனுமதிக்கப்பட்ட சாயங்களிலும் கவனம் தேவை. ரியாக்டிவ் சாயத் தூளைத் தொடர்ந்து சுவாசிப்பவருக்கு ஆஸ்துமா தோன்றக்கூடும். ஹைட்ரோஸ் எனப்படும் பொருளில் ஈரம் பட்டால் அது சூடேறித் தீப்பற்றலாம். பிளீச்சிங் பவுடரோடு அமிலம் கலந்தால் குளோரின் வாயு எழும். கழிவுத் தொட்டியில் இறங்கியவர் மயங்கி விழ, அவரைக் காக்க இறங்கியவரும் மாள்வது நம் நாட்டில் மீண்டும் மீண்டும் நிகழும் துயரம். காற்றைச் சோதிக்காமல், தக்க கருவியின்றி, எவரும் தொட்டிக்குள் இறங்கலாகாது.

ஆலைக்குள் காட்டும் எச்சரிக்கை வாயிலோடு முடிவதன்று. 2022 ஜனவரி 6-ஆம் நாள் அதிகாலையில், சூரத் நகரின் சச்சின் தொழிற்பேட்டையில், லாரியிலிருந்து கழிவு இரசாயனத்தைத் திருட்டுத்தனமாக வடிகாலில் கொட்டியபோது நச்சுவாயு எழுந்தது. அருகிலிருந்த ஆலையின் தொழிலாளர் ஆறு பேர் உயிரிழந்தனர். அவர்கள் அந்த லாரியை அழைத்தவர்கள் அல்லர்; பக்கத்தில் இருந்தார்கள், அவ்வளவே.

சூரத்திலும் பிவண்டியிலும் லூதியானாவிலும் துணித்தொழில் நடக்கும் இடங்களுக்கு அருகே வாழும் நம்மவர், இவ்விஷயத்தை அயலார் விஷயமாகக் கருதலாகாது. ஆலையில் பணி புரிவோர், தாம் கையாளும் பீப்பாயின் எச்சரிக்கைச் சீட்டில் உள்ளதைத் தமக்குத் தெரிந்த மொழியில் விளக்குமாறு கேட்கலாம். அது அவர்களின் உரிமை. வடிகாலில் நிறமோ நெடியோ கண்டால், மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எவரும் எழுதலாம். மிக மலிவாகத் துணி கிடைக்கும்போது, குறைந்த அந்த விலையின் மீதியை எந்த ஊர்க் கிணறு செலுத்துகிறது என்று எண்ணிப் பார்ப்பதும் வாங்குவோராகிய நம் கடமையாகும்.